ட்ராஃபிக் ஏறவில்லை, அஃபிலியேட் வருமானத்தை மட்டும் கூட்ட வழி உண்டா?

ஒற்றைத்தறி:
வணக்கம். வீட்டு உபயோகச் சாதனங்களை ஒப்பிட்டு எழுதும் தளம், 61 கட்டுரைகள். மாதம் சுமார் 22,000 விசிட். அஃபிலியேட் லிங்க்கில் (அதன் வழியாக யாராவது வாங்கினால் கடை கமிஷன் தரும்) 1,300 கிளிக் போல விழுகிறது, ஆர்டர் 21ஐத் தாண்டுவதில்லை. பாதி அமேசான், மீதி தனிக் கடைகள். ஆறு மாதமாக ட்ராஃபிக் அசையவே இல்லை. விளம்பரத்துக்குச் செலவழிக்கும் எண்ணம் இல்லை. வருகிற கூட்டத்தை வைத்தே வருமானத்தைக் கூட்ட முடியுமா? தேடினால் "பட்டன் நிறத்தை மாற்று, பாப்அப் போடு" ரகம்தான் கிடைக்கிறது.

கணக்குப்புலி:
பட்டன் நிறம் கடைசியில். 1,300ஐ 22,000ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6% வரும். அந்த எண்ணை நம்பி எதையும் மாற்றாதீர்கள். "எதை வாங்கலாம்" என்று வருபவரையும் "எப்படிச் சுத்தம் செய்வது" என்று வருபவரையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறிய சராசரி அது.

பக்கவாரியாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் போதும்: விசிட், வெளியே போன கிளிக், அந்தக் கிளிக்கால் வந்த கமிஷன். முதல் இரண்டும் ஜிஏ4இல் (கூகுள் அனலிட்டிக்ஸ் 4) கிடைக்கும், ஒரு பொறியைத் தவிர. உங்கள் லிங்க் நேராகக் கடைக்குப் போகாமல், உங்கள் டொமைனிலேயே இருந்து கடைக்குத் திருப்பிவிடும் ரீடைரெக்ட் முகவரி வழியாகப் போனால், ஜிஏ4 அதை வெளிக்கிளிக்காக எண்ணாது. உள்லிங்க் என்றே நினைத்துக்கொள்ளும். கூகுள் டேக் மேனேஜரில், அந்த ரீடைரெக்ட் ஃபோல்டர் பெயர் வரும் லிங்க்குகளுக்கென்று தனி ட்ரிகர் (கிளிக் விழுந்தால் பதிவு செய்யச் சொல்லும் விதி) போட வேண்டும்.

மூன்றாவது எண்ணுக்கு டிராக்கிங் ஐடி, அதாவது எந்த லிங்க்கால் விற்பனை வந்தது என்று காட்டும் அடையாளப் பெயர். அமேசானில் ஒரு கணக்குக்கு 100 ஐடி வரை எடுக்கலாம். மற்ற நெட்வொர்க்குகளில் சப்ஐடி என்று லிங்க்கின் வாலில் ஒட்டுவார்கள். 61 கட்டுரைக்கும் வேண்டாம். அதிகக் கிளிக் வரும் 15 பக்கங்களுக்கு மட்டும், பக்கத்துக்கு இரண்டு: ஒன்று டேபிள் பட்டனுக்கு, ஒன்று கட்டுரை வரிகளுக்குள் இருக்கும் லிங்க்குக்கு.

ஒரு மாதம் ஓடியதும் பக்கங்கள் இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கும். கிளிக் விழுந்தும் ஆர்டர் வராதவை ஒன்று: தவறான பொருள், தவறான கடை, இல்லை செத்த லிங்க். விசிட் இருந்தும் கிளிக்கே விழாதவை இன்னொன்று. வாக்யூம் கிளீனர் ஃபில்டரைச் சுத்தம் செய்வது எப்படி என்ற கட்டுரையில் புது மெஷினுக்கு ஐந்து பட்டன் வைத்தால் யார் தொடுவார்கள்? அங்கே வந்தவருக்குத் தேவை மாற்று ஃபில்டர், அதுவும் அவருடைய மாடலுக்குப் பொருந்துவது. மாடல் எண், ஃபில்டர் எண், லிங்க் என்று மூன்று பத்தியில் சின்ன டேபிள் வையுங்கள். அதற்குக் கீழே, "கழுவியும் உறிஞ்சும் வேகம் திரும்பவில்லையென்றால்" என்று ஒரு வரி எழுதி ஒப்பீட்டுக் கட்டுரைக்கு உள்லிங்க் கொடுங்கள்.

லிங்க்மேஸ்திரி:
புலி சொன்னதோடு, கையில் போனை எடுத்து உங்கள் முதல் ஐந்து பக்கங்களைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், போனில்.

ஒப்பீட்டு டேபிளில் படம், பெயர், அம்சங்கள், மதிப்பெண், பட்டன் என்று ஐந்து பத்தி இருக்கும். 360 பிக்சல் அகலத் திரையில் முதல் மூன்றுதான் தெரியும். வாங்கும் பட்டன் வலது ஓரத்துக்கு அப்பால் ஒளிந்துகொள்ளும்; விரலால் தள்ளினால் வரும் என்று வாசகருக்கு எந்த அறிகுறியும் இருக்காது. பட்டனைப் பொருளின் பெயருக்குக் கீழேயே, முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். உயரம் 48 பிக்சலுக்குக் குறைய வேண்டாம். பெயருக்கும் படத்துக்கும் அதே லிங்க்கைக் கொடுங்கள், பலர் படத்தைத்தான் தொடுவார்கள்.

அடுத்து செத்த லிங்க். லிங்க் செக்கர் ஓட்டி "404 (பக்கம் இல்லை என்ற பிழை) எதுவும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சரக்கு தீர்ந்த பொருளின் பக்கம் பெரும்பாலும் 200 (எல்லாம் சரி) என்றே பதில் சொல்லும், செக்கருக்கு எல்லாம் நலமாகவே தெரியும். சில கடைகள் நீக்கிய பொருளின் லிங்க்கை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடும், அதையும் செக்கர் பிழையாகக் காட்டாது. அதிகம் கிளிக் ஆகும் 30 லிங்க்குகளை மாதம் ஒருமுறை கையால் திறந்து பார்ப்பதைத் தவிர வழியில்லை. அரை மணி நேர வேலை.

ரீடைரெக்ட் 301ஆக (நிரந்தரம்) இருந்தால் 302 (தற்காலிகம்) ஆக்குங்கள். 301ஐ பிரௌசர் மனப்பாடம் செய்துகொள்ளும். நாளைக்கு வேறு கடைக்கு மாற்றினாலும், முன்பு கிளிக் செய்தவர் பழைய கடைக்கே போவார், உங்கள் சர்வரில் அந்தக் கிளிக் பதிவும் ஆகாது.

ஒற்றைத்தறி:
பார்த்தேன். பட்டன் பத்தி திரைக்கு வெளியேதான் இருக்கிறது! 30 லிங்க்கில் 7 சரக்கு இல்லாதவை. அமேசான் குக்கீ (நம் லிங்க்கில் வந்தவர் என்று பிரௌசரில் வைக்கும் குறிப்பு) 24 மணி நேரம்தானே, தனிக் கடைகள் 30 நாள் தருகிறார்கள், கமிஷனும் இரண்டு மடங்குக்கு மேல். எல்லாவற்றையும் அங்கே மாற்றிவிடலாமா?

இரவுக்குருவி:
அவசரப்படாதீர்கள். கமிஷன் சதவீதத்தை விட 100 கிளிக்குக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் முக்கியம். உதாரணத்துக்கு, ஒரு கடையில் கமிஷன் 4%, 100 கிளிக்குக்கு 6 ஆர்டர், சராசரி ஆர்டர் 1,500. கையில் 360. இன்னொரு கடையில் கமிஷன் 10%, ஆனால் 1.5 ஆர்டர்தான், சராசரி 1,800. கையில் 270. அதில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பி வந்து கமிஷன் ரத்தானால் 216. பெரிய சதவீதம் தோற்றுவிட்டது. டாஷ்போர்டில் "நிலுவை" என்று காட்டும் தொகையை வைத்து இந்தக் கணக்கைப் போடாதீர்கள், உறுதியான தொகைதான் கணக்கு.

குக்கீ விஷயமும் அப்படித்தான். அமேசானில் 24 மணி நேரத்துக்குள் கார்ட்டில் போட்டுவிட்டால் ஆர்டருக்குப் பொதுவாக 90 நாள் வரை அவகாசம் உண்டு. நீங்கள் காட்டாத வேறு பொருளை வாங்கினாலும் கணக்கில் சேரும். மறுபக்கம், 30 நாள் என்று எழுதியிருக்கும் குக்கீ ஜாவாஸ்கிரிப்ட் வழியாக வைக்கப்பட்டதென்றால் சஃபாரி அதை 7 நாளில் அழித்துவிடும், 2019 முதலே. ஐபோன் வாசகர் அதிகமென்றால், பிரௌசர் குக்கீயை நம்பாத சர்வருக்கு சர்வர் டிராக்கிங் இருக்கிறதா என்று கடையிடம் கேளுங்கள்.

ஒரே பொருளுக்கு இரண்டு கடை லிங்க்கையும் அடுத்தடுத்து வைத்து, தனித்தனி ஐடியோடு இரண்டு மாதம் ஓட விடுங்கள். தனிக் கடை ஜெயிக்கிற பொருளுக்கு மட்டும் அதை முதல் பட்டன் ஆக்குங்கள். அதற்குப் பிறகு அந்தக் கடையின் அஃபிலியேட் மேனேஜருக்கு ஒரு மெயில். கடந்த 90 நாள் கிளிக், ஆர்டர், ரத்து விகிதம், எந்தப் பக்கத்திலிருந்து என்று நாலு வரி. "60 நாளைக்கு 2% கூட்டிக் கொடுத்துப் பாருங்கள்" என்று எண்ணோடு கேளுங்கள். மொட்டையாக "கூட்டித் தர முடியுமா" என்றால் மொட்டையான பதில்தான் வரும். ஒத்துவரவில்லையா, உங்கள் வாசகருக்கென்று தனிக் கூப்பன் கோடு கேளுங்கள். குக்கீ அழிந்தாலும் கோடு வழியாக ஆர்டர் உங்கள் பெயரில் ஏறும், அந்தக் கடை கோடு வழி கணக்கு வைத்திருந்தால். அமேசானிடம் பேரம் பேசி நேரத்தை வீணாக்க வேண்டாம், வகைவாரியாக நிர்ணயித்த விகிதம் அது.

ஒன்று மட்டும்: கமிஷன் அதிகம் என்பதற்காகச் சுமாரான பொருளை டேபிளின் முதல் வரிசைக்கு ஏற்றாதீர்கள். திரும்பி வரும் ஆர்டரில் அது தெரிந்துவிடும்.

கணக்குப்புலி:
மாற்றங்களைச் சோதிப்பது பற்றி. கிளிக் விகிதம் 10%இலிருந்து 12% ஆனதா என்று ஏ/பி டெஸ்ட்டில் (பழைய வடிவத்தைப் பாதிப் பேருக்கும் புதியதை மீதிப் பேருக்கும் காட்டும் சோதனை) நம்பும்படி பார்க்க, ஒரு வடிவத்துக்கு ஏறத்தாழ 3,900 விசிட் வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து 7,800. மாதம் 800 பேர் வரும் கட்டுரைக்கு இது பத்து மாத வேலை. பட்டன் நிறத்தைக் கடைசியில் என்றது இதனால்தான். அதுவே 2% இருந்தது 8% ஆகிற மாதிரிப் பெரிய மாற்றமென்றால் வடிவத்துக்கு 200 சொச்சம் விசிட்டிலேயே தெரிந்துவிடும். டேபிள் பட்டனை இடம் மாற்றுவது அந்த ரகம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், நான்கு வாரம், முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள். பெரிய தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரங்களைச் சேர்க்காதீர்கள்.

ஒற்றைத்தறி:
டேபிளில் விலையும் போட்டால் கிளிக் கூடுமா?

லிங்க்மேஸ்திரி:
அமேசான் பொருளுக்குக் கையால் விலை எழுதக் கூடாது, விதிமீறல். அவர்கள் ஏபிஐ (பொருள் விவரத்தை நேரடியாகத் தளத்துக்கு அனுப்பும் இணைப்பு) வழியாக வரும் விலையைத்தான் காட்டலாம், அதையும் 24 மணி நேரத்துக்கு மேல் சேமித்து வைத்துக் காட்டக் கூடாது. அந்த வசதி இல்லையென்றால் பட்டனில் "இன்றைய விலை பார்க்க" என்று போடுங்கள். லிங்க்குகளில், இது கமிஷன் லிங்க் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஸ்பான்சர்டு குறியீடும், டேபிளுக்கு மேலே அஃபிலியேட் அறிவிப்பும் இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள்.