வரிசை வடிவத்தில் கடைசி வரிசையை முதலில் பார்ப்பது

அமெரிக்காவில் லாங்ஆர்ம் எந்திரம் (சட்டத்தில் விரித்த துணியின் மேல் ஊசித்தலை நகர்ந்து தைக்கும் பெரிய தையல் எந்திரம்) வைத்துப் பிறருக்குக் குயில்ட் (மேல்துணி, பஞ்சுப் படலம், அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை) தைத்துக் கொடுப்பவர்களைப் போலவே, ஒரே வடிவத்தால் துணி முழுவதையும் வரிசை வரிசையாக நிரப்பும் வேலையையே நானும் அதிகம் செய்கிறேன். ஊசியைக் கணினி நகர்த்தினாலும், வரிசைகள் எங்கே விழ வேண்டும் என்பதைத் தைப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அண்மையில் ஒரு பெண்மணி, பேத்தியின் திருமணத்துக்காகத் தாம் ஒட்டுத்துணிகளை இணைத்துத் தைத்த 80 அங்குல நீளமுள்ள குயில்ட் மேல்துணியைக் கொண்டு வந்து, 10 அங்குல உயரமுள்ள இலைக்கொத்து வடிவமொன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்த வடிவத்தில் ஒரு வரிசையின் மேடு அடுத்த வரிசையின் பள்ளத்தில் 2 அங்குலம் இறங்கி உட்காரும். எனவே மென்பொருளில் இடைவெளியை மைனஸ் 2 என்று கொடுக்க வேண்டும். 80-ஐ 10-ஆல் வகுத்து 8 வரிசை போதும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் வரிசைகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்குவதால் 8 வரிசை 66 அங்குலத்தையே நிரப்பும். 9 வரிசை 74, 10 வரிசை 82. வடிவத்தின் உயரத்தைவிட, ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு உள்ள 8 அங்குலத் தொலைவே இங்கு முக்கியம்.

82-ஐ 80-க்குச் சுருக்குவது எளிது. அந்த அளவு மாற்றம் கண்ணுக்கும் தெரியாது. ஆயினும் நான் சுருக்கவில்லை. மேல் வரிசைக்கு மேலும் கடைசி வரிசைக்குக் கீழும் பள்ளங்களை நிரப்ப வேறு வரிசை இல்லாததால், ஓரங்களில் தையலற்ற வெற்றிடம் தெரியும். இரு முனைகளிலும் ஓர் அங்குலம் வெளியே தள்ளிவிட்டால் அது பாதியாகக் குறைகிறது. வெளியே விழும் தையல், மிகுதியாக விடப்பட்ட பஞ்சுப் படலத்திலும் அடித்துணியிலும் போய், பின்னர் வெட்டப்பட்டுவிடும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையை அரை வடிவம் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் இந்த மேடு அந்தப் பள்ளத்தில் பொருந்தும் என்பதால், இடமும் வலமும்கூட வடிவம் ஓரத்தைத் தாண்டிச் செல்லுமாறு நீட்டினேன்.

தைக்கத் தைக்கத் துணி உள்ளிழுக்கப்படுவதால், திரையில் போட்ட திட்டத்தை இறுதிவரை அப்படியே நம்ப முடியாது. தைத்த பகுதியை ஒவ்வொரு முறை உருளையில் சுற்றிய பிறகும், தைத்து முடித்த வரிசையின் இட, வல முனைகளில் ஊசியை வைத்துப் பார்த்து, அடுத்த வரிசையை அந்தப் புள்ளிகளோடு பொருத்தினேன். 6 வரிசை முடிந்ததும் எஞ்சிய துணியை அளந்தபோது அரை அங்குலம் குறைந்திருந்தது. அதைக் கடைசி வரிசையின் தலையில் மட்டும் சுமத்தினால் இலைகள் தட்டையாகியிருக்கும். எஞ்சிய 4 இடைவெளிகளிலும் தலா எட்டில் ஒரு பங்கு அங்குலம் நெருக்கினேன். வடிவம் சற்றும் சிதையவில்லை. எனினும் வடிவங்களுக்கிடையே போதிய வெளி இருந்தால்தான் இவ்வாறு நெருக்க முடியும். இல்லையெனில் தையல்கள் ஒன்றையொன்று வெட்டும் என்பதால், அளவை மாற்றியதும் இரு வரிசைகளைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்த பின்பே தையலைத் தொடங்குகிறேன்.