துளி காய்ந்தால் வளையம்தான் மிஞ்சுகிறது: தங்க நானோதுகளை ஒற்றை அடுக்காகப் படியவைப்பது எப்படி?

கயல்:
சிட்ரேட் (துகள்களுக்கு மின்னூட்டம் தந்து ஒட்டாமல் வைக்கும் உப்பு) போர்த்திய 20 நானோமீட்டர் தங்கத் துகள்கள், நீரில். சிலிக்கான் தகட்டில் ஒரு துளி விட்டுக் காயவைக்கிறேன். விளிம்பில் கருஞ்சிவப்பு வளையம். நடுவில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பெட்ரி தட்டால் மூடி மெதுவாகக் காயவைத்தும் பயனில்லை. வேறு வழி உண்டா?

நீலக்குடுவை:
வேகத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். துளியின் விளிம்பு தகட்டைப் பற்றிக்கொண்டு நகர மறுக்கிறது. நீர் அதிகம் ஆவியாவதும் அங்கேதான். அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து ஓடிவரும் நீர் துகள்களையும் வாரிக்கொண்டு வருகிறது. 1997இல் இதை விளக்கிய டீகன் குழுவினர் துளியை மூடி, நடுவுக்கு நேர்மேலே சிறு ஓட்டை மட்டும் விட்டார்கள். வளையம் வரவில்லை. மூடியில் எந்த இடம் திறந்திருக்கிறது என்று பாருங்கள்.

இமை:
நீரைவிட மெதுவாக ஆவியாகும் எத்திலீன் கிளைக்கால் கொஞ்சம் கலந்து பாருங்கள். விளிம்பில் நீர் முதலில் போய்விடும், கிளைக்கால் தங்கும், அங்கே பரப்பு இழுவிசை குறையும். மேற்பரப்பு ஓட்டம் நடுவை நோக்கித் திரும்பும். மாரங்கோனி ஓட்டம் என்பது இதுதான். சோப்பு வகைகளும் உதவும்.

நீலக்குடுவை:
கிளைக்கால் சரி. சோப்பு மட்டும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். நீர் போய்விடும், சோப்பு போகாது. பிறகு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் சோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கயல்:
கிளைக்கால் கலந்ததும் வளையம் மெலிந்தது, நன்றி. ஆனால் நடுவில் நீலச் சாயல் தட்டுகிறது. துகள்கள் திரண்டுவிட்டனவா?

நீலக்குடுவை:
ஆம். துளி சுருங்கச் சுருங்க நீரில் கரைந்துள்ள உப்பின் செறிவு ஏறி, துகள்களைத் தள்ளிவைத்திருந்த மின்விலக்கத்தை மழுங்கடிக்கிறது. மையவிலக்கியில் சுழற்றி, மேல்நீரை மாற்றிக் கழுவுங்கள். அளவோடுதான், சிட்ரேட்டையே உரித்துவிட்டால் குழாயிலேயே திரண்டுவிடும்.

ஒற்றை அடுக்குதான் வேண்டுமென்றால் நீரையே கைவிடுவேன். டோடெக்கேன்தயோல் (தங்கத்தில் ஒட்டும் கந்தகமுனை கொண்ட நீள்சங்கிலி மூலக்கூறு) போர்த்திய, ஆறு நானோமீட்டர் அளவுள்ள துகள்களை டொலுவீன் என்ற கரிமக் கரைப்பானில் எடுங்கள். தயோல் சற்று மிகையாக இருக்கட்டும். இங்கே வேகமாகக் காயவேண்டும். துகள்கள் விலகி ஓடுவதற்குள், கீழிறங்கும் திரவப் பரப்பு அவற்றைப் பிடித்துவிடுகிறது. படலம் தகட்டில் அல்ல, துளியின் மேற்பரப்பில் தீவு தீவாக வளர்ந்து ஒன்றுசேரும். உங்கள் 20 நானோமீட்டர் துகளில் இதை முயல வேண்டாம்: அந்த அளவில் துகள்களுக்கிடையிலான ஈர்ப்பு வலுவானது, டொலுவீனிலேயே கட்டிதட்டிவிடக்கூடும்.