புதுப்பிப்பு: பழைய டெஸ்க்டாப்பில் யூஎஸ்பி 3.0 கார்டு, கோளாறு பிடிபட்டது

முந்தைய பதிவில் சொன்ன பிரச்சினை இது: மதர்போர்டில் கூடுதல் கார்டு செருகும் சிறிய ஸ்லாட்டான பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1-இல் நான்கு போர்ட் யூஎஸ்பி கார்டு. டிவைஸ் மேனேஜரில் பிழை எதுவும் இல்லை, பென் டிரைவ் ஒழுங்காக ஓடுகிறது. வெளி ஹார்ட் டிஸ்கில் பெரிய கோப்பை ஏற்றினால் மட்டும் இணைப்பு அறுந்துவிடுகிறது.

காரணம் டிரைவர் அல்ல, மின்சாரம். ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட் 5 வோல்ட்டில் 900 மில்லி ஆம்பியர் தர வேண்டும். நான்குக்கும் சேர்த்து 18 வாட். எக்ஸ்1 ஸ்லாட் சாதாரணமாகத் தருவது 10 வாட்தான், அதிலும் 5 வோல்ட் லைனே கிடையாது. அதற்காகத்தான் கார்டின் ஓரத்தில் பவர் சப்ளையிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் மோலெக்ஸ் சாக்கெட் வைத்திருக்கிறார்கள். அது காலியாக இருந்தது. பவர் சப்ளையின் நான்கு பின் வயரைச் செருகியதும் இணைப்பு அறுவது நின்றுவிட்டது.

செருகும் முன் மின் இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். மோலெக்ஸ் பின்கள் அழுத்தும்போது பின்னுக்கு நழுவும். நான்கும் நேராக உள்ளே போயினவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மிக முக்கியம் இது.

வேகம் குறைவாகத் தெரிந்தால் கார்டைக் குறை சொல்ல வேண்டாம். முதல் தலைமுறை எக்ஸ்1 ஸ்லாட்டின் உச்சமே விநாடிக்கு 250 மெகாபைட், இரண்டாம் தலைமுறையில் 500. விண்டோஸ் 7 என்றால் கார்டின் சிப்புக்கு உரிய டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 8 முதல் உள்ளேயே வருகிறது. கீபோர்டை மட்டும் மதர்போர்டு போர்ட்டிலேயே விடுங்கள், பழைய பயாஸுக்கு (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டு மென்பொருள்) இந்தக் கார்டு தெரியாது.