வீட்டுக்குள் ஹாட் டப்: எந்த மாடல்னு கேக்காதீங்க, எந்த ரூம்னு கேளுங்க

ஹாட் டப், அதாவது சூடான தண்ணியில நாலு பேர் சேந்து உக்கார்ற தொட்டி, வீட்டுல வச்சு மூணு வருஷம் ஆச்சு. மாடல் தேட மூணு வாரம் செலவழிச்ச நான், ரூமுக்கு மூணு நிமிஷம்கூடச் செலவழிக்கல. மாடியில ஒரு ரூம் சும்மா கிடந்தது, அங்கேயே வச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

இன்ஜினியர் வந்து பேப்பர்ல கணக்குப் போட்டார். நாலு பேர் உக்கார்ற டப், 2 மீட்டருக்கு 2 மீட்டர். தண்ணி 1,200 லிட்டர்னா 1,200 கிலோ. வெறும் டப் 300, ஆளுங்க 300. ஆக சதுர மீட்டருக்கு 450 கிலோ. வீட்டு மாடித் தளத்துக்குப் பொதுவா எடுத்துக்கற புழக்க பாரம், அதாவது ஆளுங்க, சாமான்களோட எடை, சதுர மீட்டருக்கு 150லேர்ந்து 200 கிலோதான். பேப்பரை என் பக்கம் திருப்பி வச்சார், வேற எதுவும் பேசல. டப் கீழ்த்தளத்துக்கு வந்துடுச்சு.

அதோட கதை முடியல. இருபதாவது நாள் ஃபால்ஸ் சீலிங்ல லைட்டைச் சுத்தி மஞ்சளா ஒரு வளையம். ஸ்டூல் போட்டு ஏறி கட்டைவிரலால அழுத்தினேன், விரல் உள்ளே போயிடுச்சு. ஜிப்சம் போர்டு ஊறின பிஸ்கட் மாதிரி. பிரிச்சுப் பாத்தா, எக்ஸாஸ்ட் ஃபேனோட பைப் வெளியே போகவே இல்ல, சீலிங்குக்கு மேலயே முடிஞ்சிருக்கு! 39 டிகிரி தண்ணியோட ஆவி மொத்தமும் மேல இருக்கற குளுந்த ஸ்லாப்ல பட்டு, வேர்த்து, சொட்டிக்கிட்டே இருந்திருக்கு.

எல்லாத்தையும் பிரிச்செடுத்தோம். இன்சுலேஷனுக்கு ரூம் பக்கமா ஈரம் ஏறாத ஷீட், ஜிப்சத்துக்குப் பதிலா சிமென்ட் போர்டு, பைப் நேரா வெளிச்சுவருக்கு. இப்போ சுவத்துல ஈரப்பத மீட்டர் ஒண்ணு தொங்குது. 60 சதவீதத்தைத் தாண்டினா ஃபேன் ஓடும். குளிச்சு எழுந்ததும் டப்பை மூடியால மூடுறது எங்க வீட்டுல சட்டம்.

———

மேலே எழுதியிருப்பதைப் படிக்கப் படிக்க எங்கள் வீட்டு டைல்ஸ்தான் ஞாபகம் வந்தது. டப்பைச் சுற்றி நான்கு பக்கமும் மேடை கட்டி டைல்ஸ் ஒட்டினோம். பார்த்தவர்கள் எல்லாம் அழகு என்றார்கள். இரண்டாம் வருடம் பம்ப் சீல் ஒழுகியது. மெக்கானிக் வந்து, "மேடம், பம்ப்புக்கு எந்த வழியாப் போறது?" என்றார். வழியே இல்லை. சுத்தியல்தான். இப்போது அந்தப் பக்கம் கழற்றி மாட்டுகிற பலகை இருக்கிறது, ஆள் குனிந்து உட்கார 60 செ.மீ. இடமும் இருக்கிறது.

கதவு அகலத்தையும் முதலிலேயே அளந்துவிடுங்கள். டப்பை ஒருக்களித்துத்தான் உள்ளே கொண்டுவருவார்கள், அப்போது அதன் உயரம்தான் அகலம். எங்களுடையது 90, கதவு 80. ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தோம்.

———

கரண்ட் பத்தி யாரும் சொல்லலையே! தனி லைன், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனைத் துண்டிக்கற கருவி), சுவிட்ச் டப்புக்குள்ள இருந்து கைக்கு எட்டாத தூரத்துல. இதுல மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. புதுத் தண்ணி நிரப்பின அன்னிக்கே குளிச்சிடலாம்னும் நினைக்காதீங்க. 1,200 லிட்டரை 25லேர்ந்து 38 டிகிரிக்குக் கொண்டுவர 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஆறு மணி நேரமாவது ஆகும்.

———

மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை தண்ணியை மாத்தணும். ரூம்லயே டிரெயின் வச்சு, தரைக்குச் சாய்வும் குடுத்துடுங்க. நான் குடுக்கல. ஹால் வழியா ஹோஸ் இழுத்து பாத்ரூம்ல விட்டேன், நடுவுல ஜாயின்ட் கழண்டு சோபாவோட கால் நனைஞ்சது. அதுலேர்ந்து வீட்டுல எனக்குப் பேரே வேற.

குளோரின் வாடை தூக்கலா அடிச்சா மருந்து ஜாஸ்தின்னு நினைக்காதீங்க. பெரும்பாலும் வேர்வையும் அழுக்கும் குளோரினோட சேந்து வர்ற வாடை அது. மருந்தைக் குறைச்சேன், ரெண்டே நாள்ல முதுகு பூரா சிவப்புப் புள்ளி. வெதுவெதுப்பான தண்ணியில கிருமிக்குக் கொண்டாட்டம்னு டாக்டர் சொன்னார். இப்போ டெஸ்ட் ஸ்ட்ரிப் நனைச்சு பிஹெச் (தண்ணியோட அமில, கார அளவு) 7.2லேர்ந்து 7.8க்குள்ள இருக்கா, குளோரின் போதுமான்னு பாத்துட்டுத்தான் கால் வைக்கறேன்.

———

முதல்ல எழுதினவன்தான். ஃபேன் ஓடினாலே போதுமான்னு தனியா கேட்டவருக்குப் பதில்: ஃபேன் ஓடுதுன்னு நம்பி விட்டுடாதீங்க சார். சீலிங் மூடறதுக்கு முன்னாடி டார்ச் எடுத்துக்கிட்டு நீங்களே ஏறி, பைப் எங்க போய் முடியுதுன்னு பாத்துடுங்க.