பருப்பு வேகாத ரசம்: ‘அம்மாயி வீடு’ வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள்

சனிக்கிழமை

கவி (மியூனிக்), இரவு 7.10
[படம்]
யாரும் சிரிக்கக் கூடாது. மூணு நாளாகச் சளி, தொண்டையில் முள் குத்துகிற மாதிரி இருக்கிறது. ரசம் வைத்தேன். இதுதான் வந்தது.

விக்கி: அக்கா, இது ரசமா மீன் தொட்டியா? அடியில் கல் கிடக்கிறது.

கவி: கல் இல்லைடா, துவரம்பருப்பு. ஒண்ணேகால் மணி நேரம் கொதித்தது. இன்னும் முழித்துக்கொண்டு கிடக்கிறது.

அம்மா: குக்கர் எங்கே கண்ணு? போகும்போது மூணு லிட்டர் குக்கர் கட்டிக் கொடுத்தேனே.

கவி: அலமாரிக்கு மேலே இருக்கிறதும்மா. இங்கே இன்டக்ஷன் அடுப்பு, அலுமினியம் சூடாகாது. வந்த அன்றைக்கே சொன்னேன்.

அம்மா: சொல்லவே இல்லை.

கவி: சொன்னேன். நீ சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாந்தி சித்தி: ரசப்பொடி எது? கடைப்பொடியா?

கவி: நீங்கள் கொடுத்ததுதான் சித்தி.

சாந்தி சித்தி: அப்படியென்றால் பொடியில் குறை இருக்காது. வேறு எங்கேயோ இருக்கிறது.

விக்கி: 😂😂

செந்தில் மாமா: அம்மணி, உயரம் காரணமாக இருக்கலாம். மியூனிக் கடல் மட்டத்துக்கு மேலே 500 மீட்டருக்குக் கூடுதல். மேலே போகப்போக தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும், ஆனால் சூடு பத்தாது.

விக்கி: மாமா, ஏற்காடு 1500 மீட்டர். அங்கே யாரும் சாம்பார் வைப்பதில்லையா?

செந்தில் மாமா: நான் ஒரு யோசனைதான் சொன்னேன் மாப்ள.

பிரபு அண்ணா (ஷார்ஜா): எனக்கு இங்கே நன்றாகத்தான் வருகிறது. அதுவும் குக்கர் இல்லாமல், சும்மா பாத்திரத்தில். இருபத்தைந்து நிமிடத்தில் பருப்பு மசிந்துவிடும்.

கவி: வயிற்றெரிச்சலைக் கிளப்பாதே அண்ணா.

சாந்தி சித்தி: ருசி எப்படி கண்ணு?

கவி: புளி ஒரு பக்கம், மிளகு ஒரு பக்கம், தக்காளி ஒரு பக்கம். மூணும் சண்டை போட்டுக்கொண்டு தனித்தனியாக நிற்கின்றன. நம் வீட்டு ரசத்தை டம்ளரில் ஊற்றி வைத்தால் மேலே தெளிவாகவும் அடியில் மஞ்சளாகவும் மேகம் மாதிரி மெல்ல இறங்கும் இல்லையா? அந்த மேகம் இல்லை. வெறும் புளித்தண்ணீர்.

அம்மா: சரி, ராத்திரிக்கு என்ன சாப்பிட்டாய்?

கவி: கீழ்வீட்டுப் பாட்டி சூப் கொண்டுவந்தார். மாடிப்படியில் நான் இருமியது அவருக்குக் கேட்டிருக்கிறது. அதன் பெயர் பான்கூகன்சுப்பே. மெல்லிசாகத் தோசை வார்த்து, சுருட்டி, நூல் நூலாக நறுக்கி, தெளிந்த சாற்றில் போட்டுத் தருவார்கள். மேலே வெங்காயத்தாள் மாதிரி ஒரு பச்சை.

விக்கி: ரசத்தில் தோசையை ஊறப் போட்ட மாதிரி.

கவி: அதேதான்! தோசையில் மட்டும் அரிசி இல்லை. மைதா, முட்டை, பால்.

அம்மா: என்ன சாறு?

கவி: வழக்கமாக மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்களாம். எனக்காகக் காய்கறியில் செய்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவராகவே. முன்னொரு நாள் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்.

அம்மா: நல்லா இருக்கட்டும் அந்தப் பாட்டி.

கவி: ஒரு கூத்து கேளுங்கள். ரசத்துக்குப் பெருங்காயம் பொரித்தேன். ஜன்னலைத் திறக்க மறந்துவிட்டேன், வாசனை படி முழுக்க இறங்கிவிட்டது. பாட்டி கதவைத் தட்டி, “என்ன அது?” என்றார். டப்பாவைக் காட்டினேன். ஜெர்மன் மொழியில் பெருங்காயத்துக்கு டாய்ஃபெல்ஸ்ட்ரெக் என்று பெயராம்.

விக்கி: அப்படி என்றால்?

கவி: சைத்தானின் சாணி.

சாந்தி சித்தி: அடப்பாவமே!

செந்தில் மாமா: இங்கேயும் சின்ன வயதில் உன் அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவள்தான்.

அம்மா: அண்ணா, பழைய கதையெல்லாம் குழுவில் வேண்டாம்.

கவி: அப்புறம் தமிழ்க் கடைக்குப் போனேன். யாழ்ப்பாணத்து அக்கா வைத்திருக்கிற கடை. என் குரலைக் கேட்டதும், “தடிமனோ பிள்ளை?” என்றார். நான் முழித்தேன். தடிமன் என்றால் சளியாம். பொட்டலம் ஒன்றைக் கட்டித் தந்தார், முழு மல்லியும் வேர்க்கொம்பும். வேர்க்கொம்பு என்றால் நம் சுக்கு. இரண்டையும் அவித்து வடித்துக் குடிக்கச் சொன்னார், காசு வாங்கவில்லை.

பிரபு அண்ணா: நம் சுக்குக் காப்பிதான், காப்பி இல்லாமல்.

கவி: கருப்பட்டியும் இல்லாமல். “உங்களுக்கு எது இல்லாமல் கஷ்டமாக இருக்கும் அக்கா?” என்று கேட்டேன். “ஒடியல் கூழ்” என்றார் உடனே. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன், நண்டு, இறால் எல்லாம் போட்டுக் காய்ச்சுவது. மாவு கடையிலேயே இருக்கிறது. “அப்புறம் என்ன, செய்யலாமே” என்றேன். “ஒருத்தருக்கென்று கூழ் காய்ச்ச ஏலாது பிள்ளை, அது பத்துப் பேர் சுற்றியிருந்து குடிக்கிறது” என்றார்.

அம்மா: 😔

விக்கி: எனக்கு இப்போது முடவாட்டுக்கால் சூப் வேண்டும் போல இருக்கிறது.

பிரபு அண்ணா: டேய்! கொல்லிமலை! ஆகாய கங்கையில் குளித்துவிட்டு அத்தனை படியும் ஏறி மேலே வந்தால் முட்டி நடுங்குமே, அப்போது ஒரு டம்ளர்.

கவி: நான் கல்லூரி போகிற வரைக்கும் அது ஆட்டுக்கால் என்றே நினைத்திருந்தேன். பாறையில் ஒட்டி வளர்கிற கிழங்கு, மேலே ஆட்டுத்தோல் மாதிரி பழுப்பு ரோமம். தோலைச் சீவி, இடித்து, மிளகும் பூண்டும் போட்டால் எலும்புச் சூப் மாதிரியே வாசனை வரும். சைவ உணவு என்று இங்கே ஆபீசில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அம்மா: பக்கத்துத் தெருப் பையன் பத்தாம் தேதி மியூனிக் வருகிறான். ஆறு கிலோ எடுத்துக்கொள்கிறேன் என்றான். முடவாட்டுக்கால் ரெண்டு கிலோ வாங்கிவிடவா? அப்புறம் நெய், கறிவேப்பிலை, கொப்பரை.

கவி: அம்மா நிறுத்து. பச்சைக் கிழங்கு வராது, கறிவேப்பிலை வராது. இலை, கிழங்கு எல்லாவற்றுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். 2019 கடைசியிலிருந்து அப்படித்தான். நெய்யும் கூடாது, இந்தியாவிலிருந்து பால் பொருளும் கறியும் கொண்டுவரத் தடை.

அம்மா: அப்போது என்னதான் விடுவான்?

கவி: தேங்காய் விடுவான். அன்னாசி, வாழைப்பழம், பேரீச்சை, டுரியன் பழம், இந்த ஐந்துக்கும் சான்றிதழ் தேவையில்லை.

விக்கி: நாமக்கல்லில் டுரியனுக்கு எங்கே போவது?

கவி: கருவாடும் விடுவான். மீன் வகைக்கு 20 கிலோ வரை கணக்கு இருக்கிறது.

விக்கி: நெய்க்குத் தடை, கருவாட்டுக்கு அனுமதி. சைத்தானின் சாணி பற்றி அவர்கள் பேசுகிறார்கள் 😂

செந்தில் மாமா: கொப்பரை விமானத்திலேயே கூடாது. எண்ணெய் அதிகம், தானாகச் சூடேறிப் பற்றக்கூடிய சரக்கு என்று கணக்கு.

பிரபு அண்ணா: அம்மா, எனக்கு எதையும் அனுப்பும்போது கசகசா மட்டும் போட்டுவிடாதீர்கள். இங்கே அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். குருமாவுக்காக ஜெயிலுக்குப் போக முடியாது.

அம்மா: சரி சரி. கொள்ளு, புளி, மிளகு, பொடி. அவ்வளவுதான்.

சாந்தி சித்தி: கொள்ளு ரெண்டு கிலோ போடு அக்கா. சளிக்குக் கொள்ளு ரசம்தான் சரி. தண்ணீரை வடித்து ரசம், வெந்த கொள்ளை ஆட்டிப் பருப்பு.

கவி: துவரையே வேகவில்லை, கொள்ளு வேகுமா சித்தி 😭

ஞாயிற்றுக்கிழமை

செந்தில் மாமா, காலை 9.40
[குரல் செய்தி 2:13]

செந்தில் மாமா: அம்மாயிக்கு நேற்றுப் பேசியதை எல்லாம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். விக்கி, காது கேட்காதவர்களுக்காக நீ எழுதிப் போடு.

விக்கி: எழுதுகிறேன். “ஏங்கண்ணு, எல்லாரும் பொடியைக் கேட்டீங்க, அடுப்பைக் கேட்டீங்க, மலையைக் கேட்டீங்க. தண்ணி எதுன்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா? வென்னி வைக்கிற சட்டியில வெள்ளையாப் படியுதான்னு பாரு. படிஞ்சா அது சப்பைத் தண்ணி. அதுல எந்தக் காலத்துலயும் பருப்பு வேகாது சாமி.” அதற்கப்புறம் ஒரு நிமிடம் மாமா டி.வி.யை நிறுத்தவில்லை என்று திட்டுகிறார்.

கவி: [படம்]
கெட்டிலின் உள்ளே. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது.

அம்மா: பருப்புக்குடம்! எப்படி மறந்தேன்?

கவி: அது என்ன குடம்?

அம்மா: எங்கள் தோட்டத்துக் கிணறு உப்புத் தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டுக்கு எல்லாம் அதுதான். பருப்புக்கு மட்டும் காவேரித் தண்ணீர். ஊர்க் குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். ஒரு பித்தளைக் குடம் அதற்கென்றே தனியாக இருந்தது. அதில் முகம் கழுவினேன் என்று சாந்தி அடி வாங்கியிருக்கிறாள்.

சாந்தி சித்தி: நான் இல்லை, நீதான் அக்கா.

கவி: ஆபீசில் கூட வேலை செய்கிறவரிடம் கேட்டேன். இந்த ஊர்த் தண்ணீர் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது, 1883 முதல். அப்படியே குழாயில் பிடித்துக் குடிக்கலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் சுண்ணாம்புப் பாறை வழியாக வருவதால் கடின நீர்.

விக்கி: சரியாகப் போயிற்று. கால்சியம் பருப்பில் இருக்கிற பெக்டின் என்கிற ஒட்டுப்பொருளைப் பிடித்து இறுக்கிவிடும், அதனால்தான் கரையவில்லை. புளியை எப்போது ஊற்றினாய்?

கவி: பாதி வேகும்போது. அவசரம்.

விக்கி: அது இரண்டாவது தப்பு. புளிப்பு சேர்ந்தால் இன்னும் இறுகும். பிரபு அண்ணாவுக்கு வேகுவதற்கும் காரணம் கிடைத்துவிட்டது. அங்கே குழாயில் வருவது பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல் தண்ணீர், கால்சியம் குறைவு.

பிரபு அண்ணா: என் கைப்பக்குவம் என்று நினைத்திருந்தேன்.

செந்தில் மாமா: என் உயரக் கணக்கைவிட இது பரவாயில்லை.

கவி: தண்ணீர் வடிகட்டுகிற ஜாடி ஒன்று கடன் வாங்கிவிட்டேன். தமிழ்க் கடையில் நேற்று வாங்கிய கொள்ளும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் ராத்திரி ஊறப் போடுகிறேன்.

திங்கட்கிழமை

கவி, இரவு 11.20
[படம்]
[படம்]
வெந்துவிட்டது!! விரலில் வைத்து நசுக்கினால் சந்தனம் மாதிரி வழிகிறது. அம்மாயியை எழுப்பிச் சொல்லுங்கள்.

செந்தில் மாமா: அவர் தூங்கவே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, “புள்ள படம் போட்டுச்சா” என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாந்தி சித்தி: நுரை கட்டினதும் இறக்கினாயா? கொதிக்க விடவில்லையே?

கவி: இறக்கிவிட்டேன் சித்தி. சீரகம், மிளகு, பூண்டு தட்டிப் போட்டேன். வீடு முழுக்க நம் வீட்டு வாசனை. இந்தத் தடவை ஜன்னலைத் திறக்கவில்லை, வேண்டுமென்றே.

கவி: கீழ்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு பங்கு கொடுத்தேன். முதல் வாயில் இருமினார், அப்புறம் இன்னும் கொஞ்சம் கேட்டார். பெயர் என்ன என்றார். எனக்கு ரசம் என்று சொல்லி விளக்கத் தெரியவில்லை. பெஃபர்வாசர் என்றேன். பெஃபர் மிளகு, வாசர் தண்ணீர்.

செந்தில் மாமா: அம்மணி, நம் மிளகுத்தண்ணீரை மெட்ராஸில் இருந்த வெள்ளைக்காரன் முல்லிகாட்டானி சூப் ஆக்கி, கறியெல்லாம் போட்டு ஊருக்குக் கொண்டுபோனான். நீ அதைத் திரும்பத் தண்ணீர் ஆக்கிவிட்டாய்.

அம்மா: எதில் ஊற்றிக் கொடுத்தாய்?

கவி: சூப் கிண்ணத்தில். கரண்டியால் எடுத்துக் குடித்தார்.

அம்மா: ஐயோ, டம்ளரில் கொடுக்கக் கூடாதா? அடியில் நிற்பது கரண்டிக்கு வராதே.

கவி: இங்கே டம்ளர் இல்லைம்மா.

அம்மா: பத்தாம் தேதி ரெண்டு எவர்சில்வர் டம்ளர் வருகிறது. கொள்ளில் அரை கிலோவைக் குறைத்துக்கொள்கிறேன்.