ஹூஸ்டனில் இருக்கிற அக்காவுக்குக் கைத்துவக்கு: 9 மி.மீ.-ஆ, .45-ஆ?

கொக்குவில் மாஸ்ரர்:

வணக்கம். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன் நான். பிஸ்டல் வாங்குவதற்கு என்னிடம் ஒருவர் யோசனை கேட்பார் என்று நினைத்தும் பார்க்கவில்லை. கேட்டுவிட்டார்கள்.

அக்காவும் அத்தானும் ஹூஸ்டனில் பெற்றோல் செட்டோடு சேர்ந்த ஒரு கடை நடத்துகிறார்கள். போன மாதம் இரவு பத்தரைக்கு அக்கா தனியே கல்லாவில் நின்ற நேரம் பார்த்து இரண்டு பேர் வந்து காசையும் சிகரெட்டையும் அள்ளிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அத்தானுக்கு ஒரே பிடிவாதம்: அக்கா இடுப்பில் பிஸ்டல் இல்லாமல் கடையில் நிற்கக்கூடாதாம். அதுவும் .45 (குண்டின் விட்டம், அங்குலத்தில்) தான் வேண்டுமாம். கடைக்குக் கோப்பி குடிக்க வரும் ஒரு கிழவர் "ஒரு வெடி போதும், ஆள் விழுந்திடும்" என்று ஏற்றிவிட்டிருக்கிறார். துவக்குக் கடையில் அக்காவுக்கோ சின்ன .38 ரிவோல்வர் ஒன்றைக் காட்டி, "பொம்பிளையளுக்கு இதுதான் தோது" என்றார்களாம்.

ரவைகளின் நிறையையும் வேகத்தையும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 9 மி.மீ. குண்டு ஏறக்குறைய 7.5 கிராம், விநாடிக்கு 350 மீற்றர். .45 குண்டு 15 கிராம், 255 மீற்றர். இயக்கசக்தி முன்னதற்கு 460 யூல் அளவு, பின்னதற்கு 490. பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் உந்தத்தை, அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி, பார்த்தால் 2.6-க்கு 3.8. அந்த உந்தம் கையையும்தான் அடிக்கும். அத்தானிடம் சொன்னால், "நீ கரும்பலகையில சுடு" என்கிறார்.

அக்கா ஐந்தடிக்கும் குறைவு. வலது மணிக்கட்டு கொஞ்ச நாளாகவே நோ, உழுந்து அரைத்த சட்டியைத் தூக்கவே இடது கையைத் துணைக்குக் கொண்டுவருவாள். இன்னொன்றும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது, நாங்கள் குடும்பமாக நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தவர்கள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. இன்றைக்கும் கோயில் திருவிழாவில் சீனவெடி கொளுத்தினால் காதைப் பொத்திக்கொண்டு சுவரோடு ஒட்டிவிடுவாள். இப்படிப்பட்டவளுக்கு எந்த ரவை பொருந்தும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகத்தான், டெக்சாஸ்:

மாஸ்ரர், நானும் இங்கே பதினாறு வருசம் கடை வைத்திருந்தவன். இடுப்பில் சாமானோடுதான் நின்றேன்.

முதலில் சட்டம். அக்காவுக்குப் பச்சை அட்டையோ குடியுரிமையோ இருக்கிறதா? வேலை விசாவில் வந்தவர்கள் துவக்கு வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விலக்குகள் சில உண்டு, அதை வக்கீலிடம் கேளுங்கள். 2021 செப்ரெம்பர் 1-க்குப் பிறகு டெக்சாஸில் 21 வயது தாண்டிய, வேறு தடை இல்லாதவர் அனுமதிப் பத்திரம் இல்லாமலே கைத்துவக்கை மறைத்துக் கொண்டுபோகலாம். என்றாலும் அனுமதிக்கான வகுப்புக்குப் போகச் சொல்லுங்கள். எங்கே கொண்டுபோகக்கூடாது, எப்போது சுடக்கூடாது என்பதை அங்கேதான் ஒழுங்காகச் சொல்லித் தருவார்கள்.

இனி ரவை. அந்தக் கிழவரின் கதை பழைய கதை. 1986 ஏப்ரல் 11-ல் மயாமியில் நடந்த சண்டையில் எப்.பி.ஐ. ஆட்கள் இரண்டு பேர் இறந்தார்கள். கொள்ளைக்காரன் ஒருவன் மேல் ஆரம்பத்திலேயே பட்ட 9 மி.மீ. குண்டு இதயத்துக்குப் போகாமல் சற்று முன்னாலேயே நின்றுவிட்டது, அவனும் தொடர்ந்து சுட்டுக்கொண்டிருந்தான். பழி முழுக்க 9 மி.மீ. மேல் விழுந்தது. அதனால் 10 மி.மீ.-க்குப் போனார்கள், அது கையை உதைக்கிறது என்று இறக்கி 1990-ல் வந்தது .40. கால் நூற்றாண்டு கழித்து அவர்களே 9 மி.மீ.-க்குத் திரும்பிவிட்டார்கள். ஏனென்றால் இடைப்பட்ட காலத்தில், உடம்பில் பட்டதும் விரிகிற குழிமுனைக் குண்டுகள் நன்றாகத் திருந்திவிட்டன. தசைக்குப் பதிலாக ஜெலற்றின் கட்டியில் சுட்டு 12 முதல் 18 அங்குலம் போகிறதா என்று பார்ப்பார்கள். இன்றைய நல்ல 9 மி.மீ. அந்தச் சோதனையில் தேறுகிறது, .45-உம் தேறுகிறது. பிறகு எதற்கு அந்த உதை?

நுனி மூடிய சாதாரண ரவை பயிற்சிக்கு மட்டும். கடைக்குள் அதைச் சுட்டால் ஆளைத் துளைத்து, பின்னால் இருக்கிற குளிர்பெட்டிக் கண்ணாடியையும் துளைத்து, பால் எடுக்க நிற்கிற பிள்ளையிடம் போய் நிற்கும்.

சின்ன ரிவோல்வரைப் "பொம்பிளைத் துவக்கு" என்று விற்கிறவனைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அந்த ஐந்து ரவைச் சாமான் 400 கிராம் சொச்சம். விசை சும்மா அமுங்காது, பத்துப் பன்னிரண்டு இறாத்தல் இழுவை. பார்வைக்குறி மொட்டை. அது கைதேர்ந்தவனுடைய துவக்கு. என்ர மனுசி மூன்று வெடி வைத்துவிட்டு மேசையில் வைத்தவள்தான், பிறகு தொடவில்லை. உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போச்சு மாஸ்ரர், துவக்கின் நிறையைச் சேர்க்கவில்லை.

ரவையை ஏற்றுவதற்கு அக்காவால் 9 மி.மீ.-இன் மேற்சட்டத்தைப் பின்னுக்கு இழுக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்க்கட்டும். முடியவில்லை என்றால் .380 பரவாயில்லை. அதே விட்டம், கட்டை ரவை, பலம் குறைவு. 2018-ல் வந்த ஸ்மித் அன்ட் வெசன் ஷீல்ட் ஈசட் .380-ஐ நோவுள்ள கைக்காரரும் இழுக்கிறார்கள். எதையும் வாடகைக்கு எடுத்து நூறு வெடியாவது வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

பூரணி, ஸ்காபரோ:

எல்லாரும் மில்லிமீற்றர் கதைக்கிறீர்கள். அந்த இரண்டு பேரும் உள்ளே வரும்போதே துவக்கை நீட்டிக்கொண்டுதானே வந்திருப்பார்கள்? பழகினவருக்கே சட்டைக்குள்ளிருந்து எடுத்து நீட்ட ஒன்றரை, இரண்டு விநாடி வேண்டும். எதிரில் நிற்பவனுக்கு விரலை மடக்கும் நேரம் போதும். அக்கா காசைக் கொடுத்தாள், உயிரோடு இருக்கிறாள். அவள் செய்ததுதான் சரி. பத்து மணிக்குக் கடையைப் பூட்டச் சொல்லுங்கோ, கல்லாவில் ஐம்பது டொலருக்கு மேல் வைக்காதீர்கள் என்று சொல்லுங்கோ.

இங்கே கனடாவில் 2022 ஒக்டோபர் 21-லிருந்து பொதுவாகத் தனியாட்கள் கைத்துவக்கு வாங்கவும் விற்கவும் முடியாது. நாங்களும் இரவில் கடை நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்.

சுன்னாகத்தான், டெக்சாஸ்:

பூரணி அக்கா சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன். நீட்டிய துவக்குக்கு முன்னால் நானும் காசைத்தான் கொடுத்தேன், ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. இடுப்பில் இருந்ததைத் தொடவே இல்லை. ஆனால் காசு கொடுத்த பிறகும் "உள் அறைக்கு நட" என்று சொல்கிறவனும் இருக்கிறான். அந்த ஒன்றுக்காகத்தான் வைத்திருந்தேன்.

விசுவமடு வயற்காரன்:

குறுக்கே வாறதுக்கு மன்னிக்கவும். எங்கட ஊரில் பன்றிக்கு வைத்திருக்கிற 12 போர் துவக்குக்கே வருசா வருசம் அனுமதியைப் புதுப்பிக்க அலைகிறோம். சட்டம் 1916-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். பிஸ்டல் என்று வாயைத் திறந்தால் நேரே பாதுகாப்பு அமைச்சுத்தான்.

ஒரு சின்ன விசயம். 12 போர் என்றால் குழாய்க்குள் சரியாக இறங்குகிற ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு இறாத்தல். இலக்கம் கூடக் கூடக் குழாய் சிறுக்கும். அப்பு சொல்லித் தந்தது. அந்த .38 எத்தனை மி.மீ. மாஸ்ரர்?

கொக்குவில் மாஸ்ரர்:

தம்பி, .38 என்பது அங்குலக் கணக்கு, ஆனால் பெயர் பொய். குண்டின் உண்மையான விட்டம் .357 அங்குலம், 9 மி.மீ.-இன் குண்டோ .355. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு ஒரே அளவுதான்.

சுன்னாகத்தான் சொன்னபடி திரும்பக் கணக்குப் போட்டேன். உந்தக் காப்பு விதிதான், மருந்து வாயுவை விட்டுவிட்டேன். ரவை நிரப்பிய நடுத்தர 9 மி.மீ. பிஸ்டல் 850 கிராம் என்றால் விநாடிக்கு 3 மீற்றர் வேகத்தில் பின்னுக்கு வரும். இரும்பில் செய்த பெரிய .45, ஒன்றேகால் கிலோ, அதுவும் 3 தான்! ஆனால் ஒன்றேகால் கிலோவை இடுப்பில் கட்டிக்கொண்டு பத்து மணித்தியாலம் யார் நிற்பது? அந்தச் சின்ன .38 ரிவோல்வர்தான் 4-க்கு மேலே போகிறது. குண்டின் உந்தம் மூன்றிலும் குறைவு, பின்னுக்கு வருகிற வேகம் மூன்றிலும் கூட. வகுப்பில் பிள்ளைகளுக்குத் துவக்கு என்று சொல்லாமல் வள்ளத்திலிருந்து கல் எறிகிற கணக்காகக் கொடுத்தேன், மூன்று பேர் சரியாகச் செய்தார்கள்.

நேற்று இரவு அக்காவுடன் கதைத்தேன். பச்சை அட்டை இருக்கிறது. அத்தானைக் கடையில் விட்டுவிட்டு, ஒரு பெண் பயிற்றுநரோடு ஊருக்கு வெளியே திறந்தவெளித் திடலுக்குப் போயிருக்கிறாள். காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதற்கு மேலே கவசம், இரண்டும் போட்டாளாம். முதலில் .22 கொடுத்தார்கள், அது சீனவெடியை விடச் சின்னச் சத்தம் என்றாள். ஐம்பது ரவை முடித்தாள். பிறகு 9 மி.மீ. எடுத்து முதல் வெடி வைத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாளாம். பயிற்றுநர் ஒன்றும் சொல்லாமல் ரவைக்கூட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். கால்மணித்தியாலம் கழித்து மிச்ச நான்கையும் சுட்டாள். ஒன்று கடதாசியில் பட்டது.

மணிக்கட்டு நோகவில்லையா என்று கேட்டேன். "மணிக்கட்டு இல்லையடா, பாலத்தில அம்மா பிடிச்சிருந்த கைதான் நொந்தது" என்றாள். அது இடது கை.

வருகிற சனிக்கிழமை ஷீல்ட் .380-ஐ வாடகைக்கு எடுத்துப் பார்க்கப் போகிறாள். அதுவரைக்கும் கடை பத்து மணிக்குப் பூட்டு. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.