தனியாள் வலைப்பூக்களைத் தேடிப் போவது வெட்டி வேலையா?

தாழ்வாரத் தோட்டம் (ஈசூன்):

போன மாதம் என் வீட்டுத் தாழ்வாரத்துக் கறிவேப்பிலைச் செடி மூன்றாவது தடவையாக மொட்டையானது. தளிர் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், அப்புறம் உதிரும். கூகுளில் தேடினால் முதல் பக்கம் முழுக்க உரக்கடைகள். அதற்குக் கீழே ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதிய 'பத்துக் காரணங்கள்'. யூடியூபில் ஒருவர் 12 நிமிடம் பேசிவிட்டுக் கடைசியில் "நல்ல வெயிலில் வையுங்கள்" என்றார். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் வெயில் ஒன்பதரைக்கு வரும், பதினொன்றுக்குப் போய்விடும். மிச்சத்தை யாரிடம் போய்க் கடன் வாங்குவது?

நாலாம் நாள் ராத்திரி ஒரு வலைப்பூவில் போய் விழுந்தேன். எழுதுகிறவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிங்கப்பூர்க்காரர். ஆறு வருடமாக இரண்டே இரண்டு தொட்டிகளைப் பற்றி எழுதிவருகிறார். எந்தத் தேதியில் மண் மாற்றினார், டிசம்பர் மழையில் எத்தனை நாள் தட்டில் தண்ணீர் நின்றது, எதைப் போட்டு எந்தச் செடியைக் கொன்றார், எல்லாம் இருக்கிறது. என் செடிக்கு வந்த அதே கோளாறு அவர் செடிக்கும் வந்திருக்கிறது. தேங்காய் நார்த்தூள் அதிகம், ஈரம் காயவே இல்லை, வேரால் இரும்புச் சத்தை எடுக்க முடியவில்லை. மண்ணில் பாதிக்குப் பெருமணல் கலந்தேன். இன்றைக்கு எண்ணிப் பார்த்தேன், ஏழு கொத்து துளிர்த்திருக்கிறது.

அந்தப் பதிவு தேடலில் கிடைக்கவே இல்லை. வேறொரு வலைப்பூவின் வலது ஓரத்தில் 'நான் படிப்பவை' என்று ஒரு பட்டியல் இருந்தது. அந்த வழியாகப் போனேன்.

அதனால் ஒரு யோசனை. ஆளுக்கு மூன்று தனியாள் வலைப்பூ சொல்லுங்கள். ரயில், அஞ்சல்தலை, பறவை, சமையல், பழைய கேமரா, எதுவானாலும் சரி. தமிழோ ஆங்கிலமோ. ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி. ஒரே பக்கத்தில் தொகுத்து வைக்கிறேன்.

எல்ஆர்டி பயணி (புக்கிட் பாஞ்சாங்):

செடி பிழைத்ததில் மகிழ்ச்சி. ஆனால் நாலு ராத்திரி தேடினேன் என்று நீங்களே சொல்கிறீர்கள். அந்த இலையைப் படம் பிடித்து ஒரு ஃபேஸ்புக் தோட்டக் குழுவில் போட்டிருந்தால் பத்து நிமிடத்தில் நாற்பது பேர் பதில் சொல்லியிருப்பார்கள்.

பட்டியல் போடுகிற ஆசை தமிழர்களுக்குப் புதிதில்லை. 2004இல் காசி ஆறுமுகம், பலருடைய வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டும் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். ஓகோ என்று இருந்தது. இப்போது எங்கே? எந்தப் பட்டியலும் ஒரு வருடத்தில் பாதி செத்த இணைப்பாகிவிடும். எழுதுகிறவர்களே வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். ஆள் இல்லாத கடைக்கு எதற்கு அறிவிப்புப் பலகை?

தாழ்வாரத் தோட்டம்:

நாற்பது பேர் சொல்வார்கள், உண்மைதான். அதில் முப்பது பேர் வேப்பெண்ணெய் என்பார்கள். ஒன்பது பேர் புளித்த மோர் என்பார்கள். ஒருவர் "தேக்காவில் கட்டுக்கட்டாக விற்கிறான், எதுக்கு வளர்க்குறீங்க?" என்பார். அடுத்த வாரம் இன்னொருவர் அதே கேள்வியோடு வருவார், முதலிலிருந்து ஆரம்பம். நான் படித்தவர் ஒரே ஆள், ஒரே தொட்டி, ஆறு வருடம். ஊற்றினால் என்ன ஆயிற்று என்று அடுத்த மாதமும் வந்து சொல்லியிருக்கிறார். குழுவில் யார் அப்படித் திரும்பி வந்து சொல்கிறார்கள்?

ஓட்டுப்பட்டை (கிளமெண்டி):

திரட்டிப் பேச்சு வந்ததால் எட்டிப் பார்க்கிறேன். 2006 முதல் ஆறு வருடம் எழுதியவள் நான். பதிவு திரட்டியின் முகப்பில் ஏறிய அரை நிமிடத்தில் 'மீ த ஃபர்ஸ்ட்டு' என்று பின்னூட்டம் விழும். படித்தாரா என்று கேட்கக் கூடாது! வாரம் ஒருவரை நட்சத்திரமாக்குவார்கள். 2009இல் இங்குள்ள சிங்கைப் பதிவர்கள் மணற்கேணி என்று கட்டுரைப் போட்டியே நடத்தினார்கள். கணக்கு, கைத்தறி, பிள்ளைக்குச் சோறு ஊட்டும் போராட்டம் என்று எனக்குச் சம்பந்தமே இல்லாத எத்தனையோ விஷயங்களை அந்த முகப்பில்தான் கண்டெடுத்தேன்.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். பதிவுக்கு அடியில் ஓட்டுப்பட்டை வந்தது. (என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.) நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஓட்டுக் குத்தினால் பதிவு மேலே நிற்கும். சண்டைப் பதிவு சூடாக ஓடும். கடற்கரையில் பொறுக்கிய சங்கைப் பற்றி அமைதியாக எழுதியவர் அரை மணியில் கீழே போய்விடுவார். ஆகவே பயணி தம்பி, திரட்டி செத்ததை வைத்து வலைப்பூவே செத்தது என்று சொல்லாதீர்கள். திரட்டி சந்தை. தோட்டக்காரர் சொல்வது ஒருவர் தான் படித்ததை இன்னொருவருக்குக் கைகாட்டுவது. அதற்கு ஓட்டு தேவையில்லை.

செம்பவாங் குருவி:

நான் தோட்டக்காரர் கட்சி. தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தை மூடும் முன் அங்கிருந்து மலேசியாவுக்குக் கடைசி ரயில் 2011 ஜூன் 30 இரவு கிளம்பியது. ஜோகூர் சுல்தான் ரயிலை ஓட்டிய படம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். புக்கிட் தீமா நிலையத்தில் ரயிலுக்கும் நிலையத்துக்கும் இடையே அந்தச் சாவி வளையம் கைமாறுமே, அந்த வளையம் இருந்தால்தான் ஒற்றைத் தண்டவாளத்தில் அடுத்த துண்டுக்குள் நுழையலாம், அது எப்படி நடந்தது என்று படம்படமாக நான் பார்த்தது தனியாள் வலைப்பூக்களில்தான். அவர்கள் அதற்காகப் பல வாரம் விடியற்காலையில் போய் நின்றிருக்கிறார்கள்.

தேடுவதற்கு எனக்குத் தெரிந்த வழிகள்:

பிடித்த வலைப்பூ ஒன்று கிடைத்தால் ஓரப் பட்டியலையும் பின்னூட்டம் போட்டவர்களின் பெயரையும் சொடுக்குங்கள். பாதிப் பேர் சொந்தமாக எழுதுகிறவர்கள். வேர்ட்பிரஸ் பதிவானால் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ஃபீட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள், ஓடை கிடைக்கும், அதாவது புதுப் பதிவுகள் வரிசையாக வரும் முகவரி. அதை ஃபீட்லி, ஐனோரீடர் மாதிரி ஓடை படிக்கும் செயலி ஒன்றில் சேர்த்துவிட்டால் அவர் ஆறு மாதம் கழித்து எழுதினாலும் உங்களுக்கு வந்து சேரும். 2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடரை மூடினார்களே, அன்றோடு பலரும் ஓடை என்பதே போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள். போகவில்லை, ரீடர்தான் போனது.

ஆங்கிலத்தில் இன்னும் வசதி. மார்ஜினாலியா என்று ஸ்வீடன்காரர் ஒருவர் உருவாக்கிய தேடுபொறி, விளம்பரக் குப்பையைத் தள்ளிவிட்டு எழுத்து நிறைந்த பக்கங்களை முன்னால் கொண்டுவரும். காகி என்ற தேடுபொறி நிறுவனம் 2023இல் 'ஸ்மால் வெப்' என்று ஒன்றைத் தொடங்கியது. சொடுக்கச் சொடுக்க யாரோ ஒருவரின் புதுப் பதிவு வந்து நிற்கும். நேற்று ராத்திரி கடிகாரம் பழுது பார்ப்பதில் ஆரம்பித்தவன் ரொட்டி மாவில் முடித்தேன், மணி ஒன்றரை.

எல்ஆர்டி பயணி:

குருவி அண்ணே, நீங்கள் சொன்னது எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கு. 1995இலேயே நா. கோவிந்தசாமி போன்றவர்கள் இந்த ஊரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றினார்கள் என்று மேடைதோறும் சொல்கிறோம். '.சிங்கப்பூர்' என்று தமிழிலேயே முடிகிற இணைய முகவரி 2011இலிருந்து நமக்கு இருக்கிறது. அதில் ஒரு தனியாள் வலைப்பூவாவது நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை.

இன்னொன்று. என் அம்மா வைக்கிற மீன் குழம்பு மாதிரி எந்த வலைப்பூவிலும் கிடைக்காது. அவர் எழுத மாட்டார். வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்புவார். "புளியை இந்தக் கை அளவு" என்பார், எந்தக் கை என்று கேட்டால் சிரிப்பார். எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விஷயம் தெரியும் என்கிற மாதிரி ஒரு பட்டியல் எனக்கு ஒத்துவரவில்லை.

ஓட்டுப்பட்டை:

அந்தக் குரல் செய்தியைக் கேட்டு நீங்கள் எழுதுங்கள் தம்பி. போன் மாற்றும்போது அதுவும் போய்விடும்.

பெயர் வேண்டாம்:

ரொம்ப நாளாகப் படிக்கிறேன், முதல் தடவையாக எழுதுகிறேன். எனக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது. தயவுசெய்து யாரும் கண்டுபிடிக்க வேண்டாம்.

மாமியார் படுக்கையில் இருந்த இரண்டு வருடம், ராத்திரி அவர் தூங்கின பிறகு எழுதுவேன். முப்பது பேர் படிப்பார்கள், ஒருவரையும் நேரில் தெரியாது. அதுதான் எனக்கு நிம்மதி. ஒருநாள் யாரோ நல்ல எண்ணத்தில், 'அருமையான எழுத்து, அவசியம் படியுங்கள்' என்று இணைப்பை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் பிரசாத வரிசையில் ஒரு அக்கா என் தோளைத் தொட்டு, "அந்த மாமியார் கதை உன்னோடதுதானேம்மா?" என்றார். நான் பெயரும் போடவில்லை, புளோக் எண்ணும் போடவில்லை. படுக்கைப் புண்ணுக்கு நான் மருந்து வாங்கின கதையை வைத்தே அடையாளம் கண்டுவிட்டார். நம் ஊர் அவ்வளவு சின்னது, அதற்குள் தமிழர் வட்டம் இன்னும் சின்னது. எட்டு மாதம் நான் ஒரு வரி எழுதவில்லை.

தோட்டக்காரரே, அந்தப் பெரியவரிடம் கேட்டீர்களா?

செம்பவாங் குருவி:

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் பொதுவில் வைத்தது பொதுதானே? பூட்டு வேண்டுமென்றால் கடவுச்சொல் போடும் வசதி இருக்கிறது.

பெயர் வேண்டாம்:

தாழ்வாரத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்க்கலாம், உட்கார்ந்து பேசலாம். அதற்காக மின்தூக்கிப் பக்கத்தில் 'இந்த வீட்டைப் பார்க்கத் தவறாதீர்கள்' என்று அம்புக்குறி ஒட்டுவீர்களா?

தாழ்வாரத் தோட்டம்:

கேட்கவில்லை. தோன்றவே இல்லை. இன்று ராத்திரி மின்னஞ்சல் போடுகிறேன்.

எல்ஆர்டி பயணி:

நான் ஏன் எரிந்து விழுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பள்ளி நாளில் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கச் சேவையில் எனக்கு ஒரு பக்கம் இருந்தது. பழைய பேருந்துச் சீட்டுகள். நூற்றுக்கும் மேல், ஒவ்வொன்றையும் நூலகத்தில் ஸ்கேன் செய்து, எந்தத் தடம், எவ்வளவு காசு, யார் கொடுத்தது என்று எழுதி வைத்திருந்தேன். 2009 அக்டோபரில் அந்தச் சேவையையே மூடினார்கள். அப்போது நான் தேசிய சேவையில், அதாவது கட்டாயப் படைப் பணியில், இருந்தேன், நேரத்துக்குப் போய் எடுக்கவில்லை. அசல் சீட்டுகளைக் கரையான் தின்றது. அதனால்தான் வலையில் இருப்பது நிலைக்கும் என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது.

செம்பவாங் குருவி:

அடடா. அதற்குக் கொஞ்சம் பரிகாரம் உண்டு தம்பி. தேசிய நூலக வாரியம் 2019இலிருந்து சட்டப்படி '.எஸ்ஜி' என முடியும் தளங்களை அனுமதி கேட்காமலே சேமித்து வைக்கலாம். பிளாக்ஸ்பாட், வேர்ட்பிரஸ் முகவரிகள் அப்படித் தானாக வந்துவிடாது. ஆனால் சிங்கப்பூர் பற்றிய எந்தத் தளத்தையும் நாம் அவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். அவர்களுடைய வலைக் காப்பகத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. நான் இரண்டு ரயில் வலைப்பூக்களை அனுப்பியிருக்கிறேன்.

ஓட்டுப்பட்டை:

அதையும் எழுதியவரிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள். செடி, ரயில் வேறு. 'பெயர் வேண்டாம்' சொன்ன மாதிரி வீட்டுக்குள்ளிருந்து எழுதுவது வேறு. என் பழைய பதிவுகளை யாராவது இப்போது காப்பகத்தில் போட்டால் நானே போய்ச் சண்டை போடுவேன்.

தாழ்வாரத் தோட்டம்:

பெரியவர் பதில் போட்டிருக்கிறார். நாலே வரி. பட்டியலில் தாராளமாகப் போடலாமாம், பெயர் மட்டும் வேண்டாமாம். "ஒரே ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நாலு வருடம் முன்பு புளித்த மோர் ஊற்றுவதைப் புகழ்ந்து ஒரு பதிவு எழுதினேன், அது தப்பு. என் தொட்டியில் பூஞ்சை பிடித்தது, பக்கத்து வீட்டாரும் ஒரு வாரம் பேசவில்லை. அதை எடுத்துவிட்டுச் சொல்கிறேன், பிறகு போடுங்கள்" என்கிறார்.

எல்ஆர்டி பயணி:

எடுக்க வேண்டாம், கீழே திருத்தம் மட்டும் போடச் சொல்லுங்கள். அந்தப் பதிவைப் படித்துவிட்டு நேற்றுத்தான் என் செடிக்கு மோர் ஊற்றினேன். பூஞ்சை எத்தனையாவது நாள் வந்தது என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.